அரைக் கிளட்ச்

சங்ககிரிப் பட்டறையில் மூன்று நாள் கிடந்தோம்.
அத்தியண்ணன் கியர்பாக்சை இறக்கி
பழைய தட்டைத் தரையில் போட்டார்.
கருகின கம்பந்தோசை.
ஓரத்தில் ரிவெட்டுகள் பல்லிளித்தன.

"இது தேஞ்சதில்லீங்க, தின்னது" என்றார்.
யார் தின்றது என்று நான் கேட்கவில்லை.
இடது கால் மட்டும்
செருப்புக்குள் விரலை மடக்கிக்கொண்டது.

புதியதில் வட்டமாய் ஆறு பொத்தான்,
பித்தளை நிறம்.
மேலே மூடுகிற இரும்புக் குடைக்குக் கனத்த வில்.
பாதி ரொக்கம், மீதி ஆடிக்குள்.
"நாப்பது டன்னுக்கும் நழுவாதுங்க.
காலுதான் பழகோணும்."

பத்தொன்பது வருசமாய் மிதிக்கிற கால்.
அது பழகோணுமாம்.

பட்டறை வாசலிலேயே முதல் எகிறல்.
கண்ணாடியோரம் வைத்த எலுமிச்சை
மாதேசு மடியில் விழுந்தது.
சேலத்தில் டிரான்ஸ்பார்மரை ஏற்றித் திரும்புகையில்
வைகுந்தம் சாவடியில்
வண்டி நின்றது. நிறுத்தியது நானில்லை.
மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது.
பின்னால் நாமக்கல் முட்டை வண்டி.
முட்டைகள் பொறுமையாய்த்தான் இருந்தன,
ஹாரனிலிருந்து அவன்தான் கையெடுக்கவில்லை.
"புது வண்டிங்களாண்ணா?"
கூண்டுக்குள்ளிருந்து அந்தப் பிள்ளை கேட்டது.
இல்லம்மா, புது டிரைவர்.

பழைய தட்டில் ஓர் இடம் இருந்தது,
மிதிப்பதற்கும் விடுவதற்கும் நடுவே
ஒரு சாண் அகலத்துக்கு.
நான் அங்கேதான் குடியிருந்தேன்.
மேட்டில் பிரேக்கைத் தொடாமல்
மொத்தப் பாரத்தையும் அதிலே தொங்கவிட்டு
ஒரு கையில் டீ கிளாஸ் பிடித்திருப்பேன்.
அதற்குச் சாமர்த்தியம் என்று பேர் வைத்திருந்தேன்.
கருகுகிற வாசம் வரும்.
முன்னால் போகிற வண்டியிலிருந்துதான்
என்று சொல்லிக்கொள்வேன்,
முன்னால் எந்த வண்டியும் இல்லாத நாளிலும்.

இதில் அந்த இடம் இல்லை.
ஒரு நூல் இருக்கிறது, அவ்வளவுதான்.
நூலுக்கு அந்தப்பக்கம் போ, இந்தப்பக்கம் நில்.
தப்பை உள்ளே வைத்து எரித்துக்கொள்ளாது,
உடனே முழங்காலில் திருப்பித் தந்துவிடும்.

பவானி தாண்டும்போது முட்டி வீங்கியிருந்தது.
சென்னிமலையில் இறங்கி நொண்டினேன்.
மாதேசு எதுவும் கேட்காமல்
என் டீயையும் சேர்த்து வாங்கிவந்தான்.

ஊதியூர் மேட்டில், பாதியில், செம்மறிகள்.
ஓட்டிப்போன பெண்ணுக்கு அவசரமேயில்லை.
நாற்பது டன்னும் சரிவில் நிற்கிறது,
பின்னால் சங்கிலிகள் முனகுகின்றன.
கால் தன்னாலே பழைய வீட்டைத் தேடிப் போனது.
பிடித்து நிறுத்தினேன்.
காற்று பிரேக்கைப் போட்டேன்.
கடைசி ஆட்டுக்குட்டி தடுமாறி ஏறும்வரை
கியரில்லாமல் காத்திருந்தேன்.

பொறவு முதல் கியர்.
ஆக்சிலரேட்டர் பக்கம் போகவில்லை,
டீசல் தானா இழுக்கும் என்றிருந்தார் அத்தியண்ணன்.
குதிகாலைத் தரையில் ஊன்றி
முன்பாதத்தை மட்டும் எழுப்பினேன்.
எழுப்பினேன். இன்னும் கொஞ்சம்.
நூல் தட்டுப்பட்டது.
காலில் இல்லை, சீட்டில், அடிவயிற்றில்,
எஞ்சின் குரல் அரைப்படி இறங்கியதில்.
சேஸிஸ் ஒருமுறை நெளிந்து முதுகு நிமிர்த்தியது.
பிரேக்கை விட்டேன்.

ஓரங்குலம்கூடப் பின்வாங்கவில்லை.
வாசமில்லை, நடுக்கமில்லை.
கூப்பிட்டுக் காட்டலாமென்று பார்த்தால்
மாதேசு வாய் திறந்து தூங்குகிறான்.
எலுமிச்சை இருந்த இடத்தில் இருந்தது.

தாராபுரத்தில் பாரம் இறங்கியதும்
வண்டி மறுபடி ஆட்டுக்கிடாயாய்த் துள்ளியது.
வெறும் வண்டிக்கு வேறு கால் வேண்டும் போல.
அதை அவர் சொல்லவேயில்லை.

வீட்டுக்கு வந்து படுத்த ராத்திரி
கட்டில் சட்டத்தை உதைத்திருக்கிறேன்.
சம்பூர்ணம் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்:
"இப்ப எங்கீங்க நிக்குது வண்டி?"
ஊதியூர் மேட்டுல.
"செரி, காலை எடுங்க."

எடுத்தேன்.
குதிகாலை ஊன்றி,
மெதுவாக.